சித்தியின் லீவு லெட்டர்

ஒன்பதாம் வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் ஐந்து பேராக இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நமக்கு இன்னும் முடி நரைக்கவில்லை. ஆனாலும் பிள்ளைகளின் ஹோம்வொர்க் டைரியைத் திறக்கும்போது நாமெல்லாம் எப்போதோ கிழவிகளாகிவிட்ட மாதிரி இருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள்.

ஒரு நாள் இங்கிலீஷ் சார் என்னை எழுந்து நிற்க வைத்து உங்களையெல்லாம் கைதட்டச் சொன்னார். என் சித்திக்குப் போன வேலையை நான் இங்கிலீஷில் பேசி மீட்டுக் கொடுத்தேன் என்றார். நீங்களும் தட்டினீர்கள். பின்பெஞ்சுக்காரிகள் மேசையையும் சேர்த்துத் தட்டினார்கள். நடந்தது அது இல்லை. அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

சொல்லத் தூண்டியது என் மகளின் ஒர்க்‌ஷீட்தான். மூன்றாம் வகுப்பு. சிம்பிள் சென்டன்ஸுக்கு மட்டும் வட்டம் போடச் சொல்லியிருந்தார்கள். 'ரவியும் மணியும் பந்து விளையாடுகிறார்கள்' என்ற பொருளில் ஒரு வாக்கியம். இரண்டு ஆள் வருவதால் அது சிம்பிளா இல்லையா என்று அம்மாக்களின் வாட்ஸப் குரூப்பில் ஒரு மணி நேரம் சண்டை. நான் பி.ஏ. இங்கிலீஷ் என்பதால் கடைசியில் என்னைக் கேட்டார்கள். தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். 'ஆள் எத்தனை பேர் இருந்தாலும் வினை ஒன்றுதானே, அதனால் சிம்பிள்தான்' என்று அனுப்பிவிட்டு, அனுப்பியது சரிதானா என்று இரண்டு இலக்கணப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சிம்பிள் சென்டன்ஸ் என்றால் எனக்கு இன்றும் இந்தப் பதற்றம்தான். அந்தக் கார்த்திகை மாதத்திலிருந்து.

சார் பாடம் நடத்தியது நினைவிருக்கிறதா? ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, டஸ்டரை மேசையில் தட்டித் தாளம் போட்டு:

"ஒரு சப்ஜெக்ட்."

"ஒரு வெர்ப்," என்று நாம்.

"அப்புறம்?"

"ஒரு ஃபுல் ஸ்டாப்."

"புள்ளைங்களா, தட்டு நிறையச் சோத்தை அள்ளி வாயில அடைக்காதீங்க. ஒரு வாய், ஒரு முழுங்கு. அதுதான் சிம்பிள் சென்டன்ஸ். இந்த இஃப், வென், பிகாஸ் மூணு பேரும் வாசல்லயே நிக்கட்டும். பத்தாவதுல உள்ள வுடலாம்."

பிறகு 'வாண்ட்' வரும். வாண்ட் என்றதும் நாம் 'டு' என்று கத்த வேண்டும். டு என்றதும் 'வெர்ப்'. ஐ வாண்ட் டு ஈட், ஐ வாண்ட் டு ஸ்லீப், ஐ வாண்ட் டு கோ. வெளியே வேகவைத்த நிலக்கடலை விற்கிற ஆயா கூட அந்த 'டு'வை நம்மோடு சேர்ந்து சொல்லும். எனக்கு அந்த வகுப்பு அவ்வளவு பிடிக்கும். எல்லாம் கட்டுக்குள் இருக்கும். எது சரி, எது தப்பு என்று சந்தேகமே வராது. அப்போது எனக்குச் சந்தேகம் என்றாலே பயம். இப்போதும்தான்.

என் பேனா ஒழுகுகிற பேனா. நடுவிரலில் நீலக்கறை போகவே போகாது. மை தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவள் பெஞ்சில் ஒரு சொட்டு விடுவாள், பேனாவின் வயிற்றைத் திறந்து அதை உறிஞ்சிக்கொள்வோம். அந்த மைவாசம் எனக்கு இப்போது எங்கேயும் கிடைக்கவில்லை.

சித்தியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பாராதவர்களுக்கு அவள் துணியாவது தெரியும். அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில் டெய்லர். விடியும்போது கம்பெனி பஸ் பாப்பாரப்பட்டிக்குள் வந்து ஹாரன் அடிக்கும். சித்தி நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்தில் தொங்கும் அட்டையை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு ஓடுவாள். பொழுது சாய்ந்து வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும், கையில் மெஷின் எண்ணெய் வாசம். நாளெல்லாம் காலர் மட்டும்தான் தைப்பாள். முழுச்சட்டையை அவள் பார்த்ததே இல்லையாம். "கடையில யாராச்சும் வெள்ளைச் சட்டை போட்டுப் போனா நான் மூஞ்சியவா பாக்கறேன், கழுத்தைத்தான் பாக்கறேன்," என்பாள். மீந்த துண்டுத்துணிகளைப் பையில் கொண்டுவருவாள். நம் வகுப்பில் பாதிப் பேர் அந்தத் துணியில்தான் தலைக்கு ரிப்பன் கட்டினோம்.

அந்த வேலைதான் சித்திக்கு எல்லாமும். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பென்னாகரம் பக்கம் ஒரு மாப்பிள்ளை காத்திருந்தான். நிலம் இருந்தது, கிணறு இருந்தது, சித்தியைவிடப் பதினான்கு வயதும் கூட இருந்தது. சித்தி அப்பாவிடம் ஒரு பேச்சு வாங்கி வைத்திருந்தாள்: வேலை இருக்கும்வரை கல்யாணப் பேச்சு இல்லை. அப்பாவும் ஒத்துக்கொண்டு, "வேலை போச்சுன்னா அடுத்த முகூர்த்தம். அப்ப ஒரு வார்த்தை எதிர் பேசக்கூடாது," என்றிருந்தார். அப்பா சொன்ன சொல் மாறமாட்டார். அதுதான் சித்திக்குப் பயமே.

கார்த்திகையில் அம்மாவுக்கு வயிற்றுவலி முற்றிப்போய், தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமை வந்து படுக்கச் சொன்னார்கள். கூட இருக்கப் பெண்ணாள் வேண்டும். எனக்குப் பரீட்சை. சித்திதான் போக வேண்டும்.

அதுவரை கம்பெனியில் லீவு என்றால் தமிழில் நாலு வரி எழுதி லைன் சூபர்வைசர் கையில் கொடுத்தால் போதும். அந்த மாதம்தான் ஆபீசுக்குப் பெங்களூரிலிருந்து புது மேடம் வந்திருந்தார். தமிழ் பேசினால் அரைகுறையாகப் புரியும், படிக்கத் தெரியாது. இங்கிலீஷில் கொடு என்று சூபர்வைசர் சொல்லிவிட்டார். சித்தி பத்தாவதில் இங்கிலீஷில் மட்டும் போனவள்.

சனிக்கிழமை காலை. சித்தி நீலக் கோட்டோடு சுவரில் சாய்ந்து நின்றாள். நான் நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டேன்.

"சொல்லு சித்தி."

"எழுது. எங்கக்காவுக்கு ஒரு மாசமா வயித்துவலி இருந்து, வலி பொறுக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயி, ஸ்கேன் எடுத்துப் பாத்து, ஆபரேஷன்தான்னு சொல்லிட்டதால, கூட இருக்க ஆளில்லாம நான் போவ வேண்டியிருக்குது, ஆபரேஷன் முடிஞ்சு அவ எழுந்து நடந்தான்னா மறுநாளே வேலைக்கு வந்துடறேன், அதுவரைக்கும் லீவு வேணும்."

ஒரே மூச்சு. நான் பேனாவைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

"என்னடி, எழுதலையா?"

"இதுல எத்தனை வெர்ப் இருக்குது தெரியுமா சித்தி? இப்படியெல்லாம் இங்கிலீஷ்ல எழுதக்கூடாது. உடைக்கணும்."

"உடைச்சுக்கோ. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்."

உடைத்தேன். மை சிஸ்டர் இஸ் சிக். ஷி இஸ் இன் தி ஹாஸ்பிடல். ஐ ஆம் ஹர் ஒன்லி சிஸ்டர். மூன்றும் அழகாக வந்தன. 'எழுந்து நடந்தான்னா' என்ற இடத்தில் நின்றேன். 'ன்னா' என்றால் இஃப். இஃப் வாசலில் நிற்க வேண்டியது. சார் இன்னும் உள்ளே விடவில்லை. விட்டுவிட்டேன். கடைசிக்கு வந்தேன். லீவு வேணும். வேணும் என்றால் வாண்ட். வாண்ட் என்று எழுதியதும் கை தானாக 'டு' போட்டது.

ஐ வாண்ட் டு லீவ் ஃப்ரம் மண்டே.

"எத்தனை நாளுன்னு போடட்டும்?"

"டாக்டரே சொல்லலை. பத்து நாளுன்னு போட்டுட்டுப் பதினோராம் நாள் போனா அதுக்கொரு பேச்சு. போடாதே."

போடவில்லை. 'ப்ளீஸ் அக்செப்ட் மை லெட்டர்' என்று முடித்தேன். படித்துக் காட்டினேன். சித்திக்கு 'லீவ்' என்ற சொல் காதில் விழுந்தது. போதும் என்று தலையாட்டினாள். "இத்தனை சின்னதா இருக்குதே," என்று மட்டும் சொன்னாள். கீழே கையெழுத்துப் போட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினாள். ஹாரன் இரண்டாம் முறை அடித்துவிட்டது.

விவரம் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அந்த 'டு' இல்லாமல் எழுதியிருந்தால் லீவு கேட்டதாகும். 'டு' சேர்ந்ததும் வேலையை விட்டுப் போக விரும்புகிறேன் என்று ஆகிவிட்டது. திங்கட்கிழமை முதல். கூடவே, வந்துவிடுகிறேன் என்று அவள் சொன்னதை நான் சேர்க்கவே இல்லை. ஐ வில் கம் பேக். நான்கே சொல். அதுவும் சிம்பிள் சென்டன்ஸ்தான். ஏன் எனக்கு அது தோன்றவில்லை என்று இன்றைக்கும் சமையலறையில் நின்று யோசிப்பேன், பால் பொங்கி வழியும்.

ஆஸ்பத்திரி நாட்களில் பள்ளி விட்டதும் அப்பாவும் நானும் டிபன் கேரியரோடு தருமபுரிக்குப் பஸ் ஏறுவோம். பஸ் ஸ்டாண்டில் மழைச்சேறும் சாமந்திப்பூ மூட்டைகளின் வாடையும். வார்டுக்குள் பினாயில். அம்மாவின் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துச் சித்தி இருப்பாள். கையைச் சும்மா வைக்கத் தெரியாதவள். பக்கத்துக் கட்டில் அம்மாவின் ரவிக்கைக்குக் கொக்கி, எதிர்க்கட்டில் ஆயாவின் பைக்குக் காது என்று ஊசியும் நூலுமாகவே இருந்தாள்.

"என் மெஷின் தூசி புடிச்சுக் கிடக்கும்," என்று தினமும் சொல்வாள்.

"வேற யாராச்சும் ஓட்டமாட்டாங்களா?" என்றேன்.

"ஓட்டினா பெல்ட்டு லூசாக்கிடுவாளுங்க. வந்து சரி பண்ணிக்கறேன்."

அம்மா பதின்மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். பதினைந்தாம் நாள் விடியலில் சித்தி கோட்டைத் தோய்த்து மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். நான் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். ஹாரன் கேட்டது, பஸ் கிளம்பும் சத்தமும் கேட்டது. சித்தி திரும்பி நடந்து வந்தாள்.

"லிஸ்ட்டுல என் பேரு இல்லையாம். டிரைவர் அண்ணன் ஏத்தமாட்டேன்னுட்டாரு."

"மறந்துட்டாங்களோ என்னமோ," என்றாள் அம்மா படுத்தபடி.

சித்தி டவுன் பஸ்ஸைப் பிடித்துக் கம்பெனிக்கே போனாள். நடுப்பகலுக்குத் திரும்பி வந்தாள். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். நீயே வேலையை விட்டுட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டியே என்று வாட்ச்மேன் சொன்னாராம். கழுத்து அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். அதைச் சொல்லும்போது சித்தி வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அப்பா கைகால் கழுவிவிட்டு வந்தார். அவர் சத்தம் போடவில்லை. "கம்பெனிக்காரன் புத்தி அப்படித்தாம்மா. ஆளைக் குறைக்கப் பாத்திருப்பான், நீ ஒரு காயிதம் குடுத்தே, புடிச்சிக்கிட்டான். வுடு. தை மாசம் நல்ல நாள் இருக்குது. பென்னாகரத்துக்குச் சொல்லி அனுப்பறேன்," என்றார்.

சித்தி எதிர் பேசவில்லை. பேசக்கூடாது என்பதுதானே பேச்சு.

நான் லெட்டரின் ரஃப் காப்பியைத் தேடி எடுத்தேன். ஐந்து வாக்கியம். சப்ஜெக்ட், வெர்ப், ஃபுல் ஸ்டாப். ஐந்து முறை சரிபார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எதற்கென்று சொல்லவில்லை, பிழை இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். சார் சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு டிக் போட்டார். 'ஐ வாண்ட் டு லீவ்' என்பதற்கும் ஒரு டிக். கீழே 'குட்' என்று எழுதினார். அவர் மேல் தப்பில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார். இலக்கணப்படி அதில் பிழையே இல்லை. அந்த டிக்கைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தீர்ந்துபோனது. தப்பு கம்பெனியுடையதுதான் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் மழைக்காகப் பள்ளிக்கு லீவு விட்டார்கள். சித்தி என் கையைப் பிடித்தாள். "வா, நீ வந்து அந்த மேடம்கிட்ட இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை பேசு. எழுதத் தெரிஞ்சவளுக்குப் பேச வராதா?" சிவப்பு டிக் போட்ட காப்பியை நான் மடித்து எடுத்துக்கொண்டேன். அதைக் காட்டினால் மேடம் அடங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

கேட்டில் வாட்ச்மேன் விடவில்லை. மழை தூறிக்கொண்டே இருந்தது. சித்தி நகரவில்லை. "இந்தப் புள்ளை மழையில நனையுது, பாத்துட்டு நிக்கறியே அண்ணா," என்று மட்டும் சொன்னாள். அவர் யாரிடமோ போனில் கேட்டுவிட்டு உள்ளே விட்டார். நடையில் போகும்போது ஒரு கண்ணாடிச் சன்னல். அதற்கு அப்பால் வரிசை வரிசையாக மெஷின்கள், தேனீக்கூட்டைக் காதில் வைத்தது போலச் சத்தம். சித்தி நின்றுவிட்டாள். மூன்றாம் வரிசையில் ஓர் இடத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு சின்னப் பெண் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

மேடம் நான் நினைத்த மாதிரி இல்லை. இளவயது. எங்களை உட்காரச் சொன்னார். ஃபைலிலிருந்து லெட்டரை எடுத்து மேசையில் வைத்தார். என் எழுத்து. அவர் இங்கிலீஷில் என்னிடம் ஏதோ நீளமாகக் கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. புத்தகத்தில் இங்கிலீஷ் நின்று நிதானமாக இருக்கும். மேடம் வாயில் அது ஓடியது. கடைசியில் விரலை அந்த வரியில் வைத்து மெதுவாகக் கேட்டார்: ஷி வாண்ட்ஸ் டு லீவ்?

அப்பாடா, தெரிந்த வாக்கியம். நான் எழுந்து நின்று, தெளிவாக, 'வாண்ட்ஸ்' கடைசியில் வரும் 'எஸ்'ஸையும் விடாமல் சொன்னேன்:

"யெஸ் மேடம். ஷி வாண்ட்ஸ் டு லீவ்."

மேடம் கையை விரித்தார். பிறகென்ன என்பது போல. ஃபைலை மூடினார். நான் சிவப்பு டிக்கைக் காட்டுவதற்காகப் பையைத் திறந்தேன்.

சித்தி என்னைப் பார்க்கவில்லை. மேடத்தின் கையைப் பார்த்தாள், மூடின ஃபைலைப் பார்த்தாள். "என்னடி சொன்னே இப்ப?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"லீவு வேணும்னு சொன்னேன் சித்தி."

"லீவு கேட்டா ஏன் கையை விரிக்கறாங்க?" என்றாள். பிறகு எழுந்து மேசையின் மேல் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"ரஜா மேடம், ரஜா. ரஜா பேக்கித்து. கெலசா பிடல்லா."

எனக்குக் கன்னடம் தெரியாது. சித்திக்குத் தெரியும் என்பதும் தெரியாது. பக்கத்து மெஷின் அக்கா வீட்டில் கன்னடம் பேசுகிறவர், அவரிடம் பிடித்துக்கொண்டதாம். விடுமுறைதான் கேட்டேன், வேலையை விடமாட்டேன் என்று சொன்னாள். மேடம் நிமிர்ந்தார். சித்தி நிறுத்தவில்லை. கன்னடம் தீர்ந்ததும் இங்கிலீஷ், அதுவும் தீர்ந்ததும் தமிழ்.

"சிஸ்டர் ஆபரேஷன். ஐ ஹாஸ்பிடல். நவ் ஓவர். ஐ கம். மை மெஷின் தேர்ட் லைன். நான் போறேன்னு சொல்லவே இல்லை மேடம். நான் எதுக்குப் போறேன்?"

அதில் ஒன்றுகூட சாரின் டிக் வாங்காது. வெர்ப் இல்லாதது பாதி, சப்ஜெக்ட் இல்லாதது மீதி. ஆனால் மேடத்துக்கு முழுக்கப் புரிந்தது. லெட்டரை மறுபடி எடுத்துப் படித்தார். என்னைப் பார்த்தார். "யாரு எழுதினது, நீயா? எந்தக் கிளாஸ்?" என்று உடைந்த தமிழில் கேட்டார். நைன்த் என்றேன். சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. "ஹேண்ட்ரைட்டிங் சென்னாகிதே," என்றார். எழுத்து நன்றாக இருக்கிறதாம்.

வேலை கிடைத்தது. பழைய வேலை இல்லை. அவள் இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது, கணக்கில் பெயர் அடித்தாகிவிட்டது. புதிதாகச் சேர்கிறவள் மாதிரி, நூல் வெட்டுகிற மேசையில் நின்றுகொண்டு செய்கிற வேலை. மூன்று வருஷ டெய்லர், தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரிக்க வேண்டும். சித்தி யோசிக்கக்கூட இல்லை. "ஆயித்து மேடம்," என்றாள். சரி என்று அர்த்தம்.

திரும்பி வரும் பஸ்ஸில் சன்னலோரம் எனக்குக் கொடுத்தாள். அதற்குள் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியைக் கேட்கப் பயம்.

"சித்தி, நான் எழுதினது தப்பா?"

அவள் ஈரமான என் பின்னலைப் பிழிந்துவிட்டாள். "உன் இங்கிலீஷ்ல ஒரு தப்பும் இல்லை. அவங்களுக்குத் தமிழ் தெரியலை, அவ்வளவுதான்."

சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று அன்று நினைத்தேன். காலேஜில் மொழிபெயர்ப்புப் பாடம் படித்தபோதுதான் அது எவ்வளவு துல்லியமான விளக்கம் என்று புரிந்தது. நான் எழுதியது தமிழைத்தான். மேடம் படித்தது இங்கிலீஷை.

வீட்டில் அப்பா காத்திருந்தார். வேலை திரும்பக் கிடைத்தது என்றதும் அவர் முகம் போன போக்கை என்னவென்று சொல்ல. "எப்படிக் குடுத்தான்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி சொன்னாள்:

"உங்க பொண்ணுதான் மாமா பேசினா. எழுந்து நின்னு படபடன்னு இங்கிலீஷ்ல. மேடமே அசந்துட்டாங்க."

அப்பா என்னைப் பார்த்த பார்வை அன்றோடு மாறியது. அதற்கு முன்புவரை பத்தாவதோடு போதும் என்றிருந்தவர். மறுநாள் பள்ளிக்கே வந்து சாரிடம் சொன்னார். சார் உங்களிடம் சொன்னார். நீங்கள் தட்டினீர்கள். பிறகு பன்னிரண்டாவது, தருமபுரியில் காலேஜ், பி.ஏ. இங்கிலீஷ் எல்லாம் அந்தத் தட்டலில் நடந்தது. ஒவ்வொரு படியிலும் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் படிப்பு நின்றுவிடுமோ என்று பேசாமல் இருந்தேன். நான் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகள் இப்படித்தான் சில சமயம் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

சித்தி ஒன்றரை வருஷம் நூல் வெட்டினாள். கட்டைவிரலில் கத்தரிக்கோல் அழுந்திக் காய்த்துப்போனது. அட்டை புதிது, அதில் எண் புதிது. துண்டுத்துணி கொண்டுவருவது நின்றது. அந்த மேசைக்கு நூல் மட்டும்தான் வரும். நம் ரிப்பன்கள் அந்த வருஷம் நின்றுபோனது அதனால்தான். நீங்கள் கேட்டபோது மழுப்பினேன். பென்னாகரத்து மாப்பிள்ளைக்குத் தை மாதமே வேறிடத்தில் முடிந்தது. சித்தி இப்போது ஓசூரில் இருக்கிறாள். தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு, ஒரு கம்பெனியில் லைன் சூபர்வைசராக. முப்பது பெண்கள் அவளிடம் லீவு கேட்டு நிற்கிறார்கள். வாயால் சொன்னால் போதும் என்று எழுதி வாங்குவதில்லையாம்.

போன மாதம் என் மகனுக்குக் காது குத்தினோம். அப்பா வீட்டில், பாப்பாரப்பட்டியில். மாமியார் வீட்டுச் சனங்கள் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் அப்பா வழக்கமான கதையை எடுத்தார். ஒன்பதாவது படிக்கும்போதே கம்பெனி மேனேஜரை இங்கிலீஷில் மடக்கினவள் என் மருமகனுக்கு வாய்த்திருக்கிறாள் என்று. மேடம் அப்பாவின் கதையில் எப்போதோ மேனேஜர் ஆகிவிட்டார், ஆண்பிள்ளையும் ஆகிவிட்டார். சித்தி எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் போல ஆமா மாமா என்றாள்.

மாமியார் இருக்கிறாரே, அவர் எதிரில் வேண்டுமா, அப்பாவுக்கு இந்த வயதில் இது தேவையா. அன்று வாசலில் நிறுத்திய இஃப் எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தது.

"இல்லைப்பா," என்றேன். "நான் பேசலை. அந்த லெட்டரைத் தப்பா எழுதி வேலையைப் போக்கினதே நான்தான். பேசி வாங்கினது சித்தி."

அப்பா சிரித்தார். "பாத்தீங்களா, இதுதான் எம்பொண்ணு. தன் பெருமையைத் தானே சொல்லிக்கமாட்டா. ஏம்மா, உன் சித்தியா இங்கிலீஷ்ல பேசினா? இவ பத்தாவதுல அதுலதானே போனா?"

எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். அவள் இலைகளை வாளிக்குள் அமுக்கினாள்.

"அவ படிச்சவ மாமா," என்றாள். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவர் கண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிய விரல் அப்படியே நின்றது. பிறகு சித்தி பக்கம் திரும்பி, "என்னம்மா பேசினே அவங்ககிட்ட?" என்று கேட்டார். ஒருவரும் அவளிடம் கேட்காமலே விட்ட கேள்வி அது. நானும் கேட்டதில்லை.

சித்தி கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். மழையிலிருந்து ஆரம்பித்தாள். அவள் கதையில் மழை பெரிய மழை. வாட்ச்மேன் இரண்டு பேர். அவள் பேசப் பேச மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். நான் மகனை மடியில் போட்டுக்கொண்டு, வீங்கிய அவன் காதுக்கு விசிறியபடி, கடைசிவரை கேட்டேன். ஓர் இடத்திலும் திருத்தவில்லை.